பள்ளிக்கூடத்துக் கப்பல் மணியைப் போர் நினைவுச் சின்னமாக வைக்கும் முன்

திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள உங்கள் கடற்கரை ஊரின் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் அடிக்கப்பட்டு, மின்சார மணி வந்தபின் தலைமையாசிரியர் அறையின் மூலையில் ஒதுங்கிவிட்ட பழைய கப்பல் மணியை, இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களில் வேலைக்குப் போய்த் திரும்பாத உங்கள் ஊர்க்காரர் ஏழு பேருக்கு நினைவுச் சின்னமாக வைக்க முன்னாள் மாணவர்கள் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறீர்கள். அது தொடர்பாக நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். மணியை எதைக் கொண்டு துலக்கலாம்? பள்ளி வாசலில் வளைவு கட்டி அதில் தொங்கவிடலாமா? ஏழு பேரின் பெயர்களையும் மணியின் மேலேயே வெட்டலாமா? நாள்தோறும் காலையில் அதை அடிக்கலாமா?

‘அண்ணாச்சி’ என்று உரிமையோடு அழைத்துக் கேட்டதால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. துலக்க வேண்டாம், வாசலில் தொங்கவிட வேண்டாம், மணியின் மேல் புதிதாக ஓர் எழுத்தும் வெட்ட வேண்டாம், ஆண்டுக்கு ஒரு நாள் அடித்தால் போதும். கேட்டதற்கெல்லாம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் ஆளை ஊர்க்கூட்டத்தில் எவருக்கும் பிடிக்காது என்பதை அறிவேன். ஆனால் அருங்காட்சியகப் பணியில் உலோகப் பொருள்களைப் பேணுவதிலேயே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் குழு கேட்காமல் விட்ட ஒன்றையும், அதுவே முதன்மையானது என்பதால், இடையில் சொல்கிறேன்.

மணி எதற்காகப் பேணப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நியூசிலாந்தின் தலைநகரான வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் உடைந்த வெண்கல மணியின் மேற்பகுதி ஒன்று இருக்கிறது. ‘தமிழ் மணி’ என்றே உலகம் அதை அழைக்கிறது. 1836ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவ மறைப்பணியாளர் வாங்கரேய் பகுதியில் அதைக் கண்டபோது, மவோரிப் பெண்கள் அதைக் கவிழ்த்துப் போட்டு உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை மாற்றி வாங்கிக்கொண்டார். அதைச் சுற்றி ஓடும் பழந்தமிழ் எழுத்துகள், அது முகைதீன் பக்சு என்பவருடைய கப்பலின் மணி என்று சொல்கின்றன. அது அத்தனை தொலைவு எப்படிப் போனது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நம் காயல்பட்டினத்து மரைக்காயர்களின் மரக்கலங்களை நினைத்துப் பார்ப்பவருக்கு அந்தப் பெயர் அயலாகத் தோன்றாது. ஆனாலும் அந்தக் கப்பல் எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது என்று மணி சொல்லவில்லை, ஆகவே நாமாக ஒன்றைச் சொல்வதும் முறையன்று. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. அந்த மணியின் வாய்ப்பகுதி உடைந்து போயிற்று, நாக்கு இல்லை, ஓசையும் இல்லை. அடுப்பில் ஏறிக் கரிபிடித்த பண்டம் அது. அப்படியிருந்தும் அதைத் தமிழ் மணியாக நிலைநிறுத்துவது எஞ்சி நிற்கும் அந்த ஒரு வரி எழுத்துதான். கப்பல் மணி என்பது ஒலிக்கருவியாக இருப்பதற்கு முன் ஓர் ஆவணம்.

உங்கள் மணியின் படத்தில் எழுத்துகள் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கின்றன. கடல் காற்று மட்டும் அப்படித் தேய்த்துவிடாது. ஆண்டுவிழாவுக்கும் சுதந்திர தினத்துக்கும் புளி போட்டுத் தேய்த்த கைகள் அதைச் செய்திருக்கின்றன. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அதே பாவத்தை நானும் செய்திருக்கிறேன். எங்கள் வீட்டில் கொள்ளுத்தாத்தாவின் பெயரும் ஊரும் பொறித்த வெண்கலக் கும்பா ஒன்று உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் நாள் புளியும் செங்கல் பொடியும் கலந்து அதைத் தேய்த்துப் பொன்போல மின்னவைப்பது சிறுவயதில் என் வேலை; பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பளபளப்பான கும்பா அதுதான் என்ற பெருமை வேறு. இன்று அந்தப் பெயரைக் கண்ணால் படிக்க முடியாது, விரல் நுனியால் தடவி ஊகிக்கத்தான் முடியும். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும்போது உலோகத்தின் மேல்தோலையும் சேர்த்தே கரைக்கிறது. செங்கல் பொடியும் சாம்பலும் மீதியை அராவுகின்றன. கடையில் விற்கும் பொடிகளும் பசைகளும் செய்வது இதையேதான், சற்று விரைவாக. கடற்படைக் கப்பல்களில் மணியை நாள்தோறும் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருப்பது வழக்கம் என்று உங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற கடற்படை வீரர் சொன்னது உண்மை. ஆனால் கப்பலின் ஆயுள் இருபது முப்பது ஆண்டுகள். நினைவுச் சின்னம் இருநூறு ஆண்டுகள் இருக்க வேண்டியது.

களிம்பு என்றாலே அழுக்கு என்று நமக்குப் பழக்கப்பட்டுவிட்டது. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் செம்பிற் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லி அதற்கு நல்ல பெயரே இல்லாமல் செய்துவிட்டார்கள். உலோகத்தைப் பேணுபவருக்குக் களிம்பு இரண்டு வகை. பழுப்பாகவோ கரும்பச்சையாகவோ, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டிப் படிந்திருப்பது காப்புப் படலம். அது அடியில் உள்ள உலோகத்தைக் காற்றிலிருந்து மறைத்துக் காக்கிறது, அதைத் தொடக்கூடாது. வெளிறிய பச்சை நிறத்தில் மாவுபோல உதிர்வதும், துடைத்த சில வாரங்களில் அதே இடத்தில் மீண்டும் பூப்பதும் நோய். அதற்கு ‘வெண்கல நோய்’ என்றே பெயர். கடல் உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் உயிர்வளியும் படும்போது அது அமிலமாக மாறிப் புதிய செம்பை அரிக்கிறது. அரித்ததில் மறுபடியும் குளோரைடு உண்டாகிறது. இப்படிச் சங்கிலியாக நடப்பதால், மேலே உள்ள பச்சையைச் சுரண்டுவது மரத்தில் இலையைக் கிள்ளிவிட்டு வேரை விட்டுவைப்பது போலத்தான் முடியும். உங்கள் மணி கடலுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டதன்று. கப்பல் உடைக்கும் இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் வாங்கிவந்து பள்ளிக்குக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு நல்வாய்ப்பு. ஆனால் கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் அத்தனை ஆண்டுகள் திறந்த தாழ்வாரத்தில் தொங்கியதால் காற்று கொண்டுவந்த உப்பு அதில் இல்லாமல் இராது. படத்தில் மேற்புறக் கொண்டைக்கு அடியில் இரண்டு இடங்களில் தெரியும் வெளிர்பச்சை எனக்கு ஐயத்தைத் தருகிறது.

கடலடியிலிருந்து எடுக்கப்படும் மணிகளின் நிலை இதைவிடக் கடினமானது. 1941 மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் மூழ்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட்டில் 1,415 பேர் இறந்தார்கள். மூன்றே பேர் பிழைத்தார்கள். பிழைத்த மூவரில் கடைசியாக உயிரோடிருந்த டெட் பிரிக்ஸ், அந்தக் கப்பலின் மணியாவது மேலே வந்து தோழர்களுக்கு நினைவுச் சின்னமாக வேண்டும் என்று விரும்பினார். அவர் 2008இல் இறந்துவிட்டார். ஏறத்தாழ 2,800 மீட்டர் ஆழத்திலிருந்து அந்த மணி 2015 ஆகஸ்டில் எடுக்கப்பட்டது. எடுத்த உடனே யாரும் அதைத் துடைத்து மேடையில் வைத்துவிடவில்லை; உப்பை நீக்கி நிலைப்படுத்திய பிறகு, கப்பல் மூழ்கிய 75ஆம் ஆண்டு நாளான 2016 மே 24 அன்றுதான் போர்ட்ஸ்மத்தில் உள்ள கடற்படை அருங்காட்சியகத்தில் மக்கள் அதைப் பார்த்தார்கள். அதன்மேல் உள்ள எழுத்துகளைப் படித்தால் இன்னொன்றும் தெரியும். அந்த மணி அதற்கு முந்தைய ஹூட் என்னும் வேறொரு கப்பலில் இருந்தது. 1916 மே 31 அன்று ஜட்லாண்டு கடற்போரில் இறந்த தளபதி ஹோரஸ் ஹூட் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். அவருடைய மனைவி கணவரின் நினைவாகப் புதிய கப்பலுக்கு அதைக் கொடுத்தார். ஒரு சாவின் நினைவாகக் கொடுக்கப்பட்ட மணியே 1,415 சாவுகளுக்கும் நினைவாயிற்று. அந்த வரிகள் அழிந்திருந்தால் இவ்வளவும் நமக்குத் தெரிந்திராது.

உங்கள் குழு கேட்காமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அந்த மணிக்கும் அந்த ஏழு பேருக்கும் என்ன தொடர்பு? அவர்கள் இறந்த கப்பல்களில் எதுவும் இந்த மணியுடைய கப்பல் அன்று என்பதை நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதனால் மணி நினைவுச் சின்னமாகும் தகுதியை இழந்துவிடாது. ஆனால் அந்தச் செய்தியை மணியின் பக்கத்தில் வைக்கும் கல்வெட்டில் சொல்லாமல் விட்டால், பத்தே ஆண்டுகளில் ‘ஏழு பேரும் மூழ்கிய கப்பலின் மணி இது’ என்று ஊர் பேசத் தொடங்கும், இருபது ஆண்டுகளில் அதுவே வரலாறாகிவிடும். லண்டனில் லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் கூடத்தில் தொங்கும் லூட்டின் மணியை உலகமே அறியும். 1799இல் மூழ்கிய லூட்டின் என்னும் கப்பலிலிருந்து 1858இல் எடுக்கப்பட்ட அந்த மணியின்மேல் ‘லூட்டின்’ என்ற பெயரே கிடையாது. ‘செயின்ட் ழான், 1779’ என்றுதான் வெட்டியிருக்கிறது. அது எப்படி நேர்ந்தது என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முரணை மறைக்காமல் அப்படியே வைத்திருப்பதால்தான் அந்த மணியின்மேல் நம்பிக்கை நிற்கிறது. உங்கள் கல்லிலும் மறைக்காமல் எழுதுங்கள்: இது இன்ன கப்பலின் மணி, இவ்வூரைச் சேர்ந்த கடலோடி ஒருவர் வாங்கிவந்து பள்ளிக்கு வழங்கியது, இன்ன ஆண்டுவரை பள்ளியில் ஒலித்தது, கீழே பெயர் குறிக்கப்பட்டவர்கள் வேறு கப்பல்களில் இறந்தவர்கள், அவர்கள் நினைவாக இது இங்கே வைக்கப்பட்டுள்ளது. இந்த ஐந்து செய்திகளும் உண்மை என்பதால் எவரும் நாளை அவற்றை அசைக்க முடியாது. தவிர, உங்கள் ஊரில் மூன்று தலைமுறை இந்த மணியோசைக்குத்தான் வகுப்புக்கு ஓடியிருக்கிறது. அதுவும் இந்த மணியின் வரலாறுதான், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அடுத்து அந்த ஏழு பெயர்கள். பெயர் இல்லாத போர் நினைவுச் சின்னம் வெறும் அலங்காரம் என்பது என் திடமான கருத்து. 1971 டிசம்பர் 9 அன்று மூழ்கடிக்கப்பட்ட இந்தியக் கடற்படையின் குக்ரி கப்பலுக்கு, குஜராத் கரையில் உள்ள தியு தீவில், கடலைப் பார்த்த குன்றின்மேல் கண்ணாடிக்குள் கப்பலின் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அன்று கப்பலோடு போன 18 அதிகாரிகளையும் 176 மாலுமிகளையும் நினைக்க அங்கே மணி தேவைப்படவில்லை. வணிகக் கப்பல்களில் வேலை பார்த்த நம்மவர்களின் நிலை அப்படியன்று. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இறந்து கடலையே கல்லறையாகக் கொண்ட மாலுமிகள் பலருக்கு லண்டன் டவர் ஹில்லில் வெண்கலத் தகடுகளில் பெயர் பொறித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு மட்டும் ஏறத்தாழ 24,000 பெயர்கள் அங்கே உண்டு. அதே போரில், அதே கொடியின்கீழ் இறந்த இந்தியக் கடலோடிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் ஒரே மாதிரியான இரண்டு பதிவேடுகளில் எழுதிவைக்கப்பட்டன. கடற்படையினரையும் சேர்த்து அவற்றில் 6,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. புத்தகத்தில் இருப்பவனைத் தேடிப் போனால்தான் பார்க்க முடியும். சுவரில் இருப்பவனை வழிப்போக்கனும் பார்க்கிறான். உங்கள் பள்ளியில் அமையப்போகும் கல்லுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பதிவேடுகளில் உள்ள பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். தேடும்போது பொறுமை வேண்டும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முகைதீன் என்பது நான்கு விதமாக இருக்கும், பெர்னாந்து என்பது ஐந்து விதமாக இருக்கும். அப்பா பெயர் மகன் பெயராகவும் மகன் பெயர் அப்பா பெயராகவும் இடம் மாறியிருக்கும். பணியின் பெயரைக் கொண்டும் தேடலாம்: கடலோடிகளுக்குத் தலைவரான சேராங்கு, தண்டல், சமையல்காரரான பண்டாரி, கப்பல் தொழிலாளியான கலாசி, கொதிகலனுக்குக் கரி போட்டவர் என்று குறித்திருப்பார்கள். இதில் ஒரு குழப்பத்தை எச்சரித்துவிடுகிறேன். தூத்துக்குடித் தோணியில் தண்டல் என்றால் தோணியையே செலுத்தும் தலைவர். பெரிய நீராவிக் கப்பலில் தண்டல் சேராங்குக்கு அடுத்த நிலையில் இருப்பவர். வீட்டில் ‘தாத்தா தண்டலாக இருந்தார்’ என்று சொன்னால் அது தோணியிலா கப்பலிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகளில் கப்பல் பணிக்குச் சான்றான பழைய சி.டி.சி. புத்தகமோ, சம்பளப் பாக்கி பற்றி வந்த கடிதமோ, தந்தியோ இருந்தால் அதுவே உறுதியான சான்று. அதைப் படமெடுத்துக்கொண்டு மூலத்தைக் குடும்பத்தாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏழு பேர் என்பது பெரியவர்களின் நினைவிலிருந்து வந்த கணக்கு. ஐந்தாகக் குறையலாம், ஒன்பதாகக் கூடலாம். முதல் உலகப் போரில் போனவர்களும் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின்மேல் குண்டு வீசிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் பெயரை ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் பேச்சில் வைத்திருக்கிறோம். அந்தப் போரில் கடலில் இறந்த நம்மூர்க்காரன் ஒருவனின் பெயரைச் சொல்லச் சொன்னால் விழிப்போம்.

இந்தப் பெயர்களை மணியின் மேலேயே வெட்டலாம் என்பது கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. ஆனால் மணி வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் இருக்கும். வெள்ளீயம் கூடக் கூட ஓசை இனிமையாகும், உலோகம் நொறுங்கும் தன்மை பெறும். நமக்கு இது புதிய செய்தியன்று. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் கிடைத்த பழங்காலக் கலங்களிலேயே இதை ஒத்த அளவு வெள்ளீயம் கலந்த வெண்கலத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இத்தகைய உலோகத்தில் உளி பட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். முதல் அடியிலேயே அது வாய்வரை ஓடலாம். அப்படி நேராவிட்டாலும், பழைய எழுத்துக்குப் பக்கத்தில் புதிய எழுத்து வந்தால் எது கப்பலில் வெட்டியது, எது ஊரில் வெட்டியது என்பது பிற்காலத்தவருக்குத் தெரியாமல் போகும். அமெரிக்காவின் பெரிய ஏரிகளில் 1975 நவம்பர் 10 அன்று 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் மணியை 1995இல் எடுத்தபோது, இறந்தவர் பெயர்களை அந்த மணியில் வெட்டவில்லை. அதே வடிவில் வேறொரு மணியை வார்த்து, அதில் 29 பெயர்களையும் பொறித்து, கப்பல் கிடக்கும் இடத்திலேயே இறக்கி வைத்தார்கள். உங்களுக்குப் பெயர்களை உலோகத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் தனித் தகடு செய்யலாம். என்னைக் கேட்டால் நம் பக்கத்துக் கருங்கல்லே போதும். அதற்குத் துலக்கவும் தேவையில்லை, திருடரும் வரமாட்டார்.

திருடர் என்றதும் வாசல் வளைவு நினைவுக்கு வருகிறது. வெண்கலம் எடைக்கு விலை போகும் பொருள். இரவில் ஆளில்லாத பள்ளி வாசலில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் மணி எத்தனை நாள் தொங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எம்டனின் மணியே ஆஸ்திரேலியாவில் போர் நினைவகத்திலிருந்து திருடு போய், மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டு, பிறகுதான் மீட்கப்பட்டது. அதைவிடப் பெரிய பகை உப்புக் காற்று. வெண்கல நோய் அடங்கியிருக்க வேண்டுமானால் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40க்குக் கீழே இருப்பது நல்லது. நம் கடற்கரையில் திறந்த வெளியில் அது என்றைக்கும் நடவாது. ஆகவே பள்ளிக்குள் நூலக அறையிலோ கூடத்திலோ, கடல் பக்கத்துச் சன்னலுக்கு எதிரில்லாத இடத்தில், காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். அடியில் தட்டு வைத்து ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரமானி ஒன்றையும் உள்ளே வைத்து, ஒரு மாணவர் குழு மாதம் ஒருமுறை அளவைக் குறித்து வந்தால், நினைவுச் சின்னத்தோடு பிள்ளைகளுக்கு ஓர் உறவும் உண்டாகும். தொங்கவிடும்போது இரும்புக் கொக்கி நேரடியாக வெண்கலத்தைத் தொடக்கூடாது. இரண்டு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்பு விரைவாகத் துருப்பிடித்து, ஒரு நாள் கொக்கி அறுந்து மணி விழும். இடையில் தோல் அல்லது நைலான் வளையம் கொடுத்துத் துருப்பிடிக்காத எஃகுத் தண்டைப் பயன்படுத்தலாம். பழைய நாக்கு இரும்பாக இருந்தால் கழற்றித் தனியே வையுங்கள். தூக்கி எறிந்துவிட வேண்டாம், அதுவும் கப்பலின் பொருள்தான்.

சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை நீங்கள் செய்யத்தக்கது சிறிதளவே. மென்மையான தூரிகையால் தூசி தட்டலாம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து உடனே உலர்த்தலாம். எழுத்துக் குழிகளில் கறுப்போ சிவப்போ வண்ணம் ஒட்டியிருந்தால் அது கப்பலிலேயே நிரப்பியதாக இருக்கும். அதைக் குடைந்து எடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவ வேண்டாம், எண்ணெயின் அமிலமே செம்போடு சேர்ந்து பச்சை பிடிக்கும். திறப்பு விழாவில் மாலை, சந்தனம், குங்குமம் ஆகியவற்றை மணிக்கு இடாமல் கல்லுக்கு இடுமாறு பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வெளிர்பச்சைப் பூப்புக்கு மருத்துவம் செய்வதும், காப்புப் பூச்சும் மெழுகும் இடுவதும் பயிற்சி பெற்றவர்களின் வேலை. அதில் பயன்படும் வேதிப்பொருள்கள் உடலுக்கும் கேடு தரக்கூடியவை. இதற்காக வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930லேயே தொடங்கப்பட்டது. நம் செப்புத் திருமேனிகளுக்குப் பிடித்த இதே நோயைத் தீர்க்கவே அங்கே பரமசிவன் என்னும் அறிஞர் மின்பகுப்பு முறையைக் கையாண்டார். திருநெல்வேலி அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் வழியாகப் பள்ளியின் கடிதத்தை அனுப்பினால் வழிகாட்டுவார்கள்.

அடிப்பது பற்றி. கப்பலில் மணி அரை மணிக்கு ஒருமுறை ஒலிக்கும். காவல்முறை தொடங்கி முதல் அரை மணிக்கு ஓர் அடி, அடுத்ததற்கு இரண்டு என்று கூடிக்கொண்டே போய், நான்கு மணி நேரம் முடியும்போது எட்டு அடி விழும். எட்டு மணி அடித்தால் ஒருவனுடைய காவல் முடிந்தது, அவன் இறங்கி ஓய்வெடுக்கலாம். அதனால்தான் கடலோடி ஒருவன் இறந்தால் ‘எட்டு மணி’ அடிப்பது மரபாயிற்று. பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் திருச்செந்தூரில் பூசை முடிந்த செய்தியை வழிநெடுக மண்டபங்களில் கட்டிய மணிகளால் கேட்டறிந்த பிறகே உணவு கொண்டார் என்று சொல்லும் நம் ஊர்களுக்கு, மணியோசை ஒரு செய்தி என்பதை விளக்க வேண்டியதில்லை. நாள்தோறும் அடித்தால் அந்தச் செய்தி பள்ளி மணியாகவே தேய்ந்துவிடும், மணியும் தேயும். லூட்டின் மணியில் விரிசல் கண்டதால் அதை இப்போது அரிதாகவே ஒலிக்கிறார்கள். ஆண்டில் ஒரு நாள், பெட்டியைத் திறந்து, தோல் சுற்றிய மரச்சுத்தியால், இரண்டிரண்டாக மெதுவாக எட்டு அடி. அதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் அந்தந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் படிக்கட்டும். அதற்கும் முன் விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓசை நீண்டு கார்வையோடு அடங்காமல் உடைந்த சட்டியைத் தட்டியதுபோல் வந்தால், விரிசல் இருக்கிறது என்று பொருள். பிறகு அதை அடிக்கவே கூடாது. நாளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் ஊரின் உரிமை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள், பொருத்தமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஏழு பேரில் இருவர் இசுலாமியர் என்பதால் எல்லாருக்கும் பொதுவான நாளே நன்று. ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் நாள். 1919இல் இந்தியருக்குச் சொந்தமான லாயல்ட்டி கப்பல் முதல் பயணம் புறப்பட்ட நாள் அது. வணிகக் கப்பல்காரர்களுக்கு அது ஏற்றது. தேர்வுக் காலம் என்று தலைமையாசிரியர் முகம் சுளித்தால், முதல் உலகப் போர் ஓய்ந்த நாளான நவம்பர் 11 இருக்கவே இருக்கிறது.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணி நூறாண்டுக்கு மேற்பட்டதாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, பதிவு தேவையா என்பதை அருங்காட்சியகத்தார் சொல்வார்கள். எழுத்து தெளிந்து அது ஒரு போர்க்கப்பல் என்று தெரியவந்தால், அந்தக் கடற்படைக்கு ஒரு கடிதம் எழுதி இசைவு பெற்றுவிடுவது பின்னால் வரும் சிக்கலைத் தவிர்க்கும். பழைய கப்பல் மணி என்ற பெயரில் புதிதாக வார்த்த பித்தளை மணிகள் சந்தையில் நிறையவே உலவுகின்றன; உங்களுடையது அப்படித் தோன்றவில்லை, என்றாலும் அதையும் ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மணியின் எடை, உயரம், வாயின் விட்டம், விளிம்பின் தடிப்பு ஆகியவற்றை அளந்து பள்ளிப் பதிவேட்டில் எழுதுங்கள். அறையை இருட்டாக்கி, கைவிளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, சுற்றிலும் படமெடுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் சாய்வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலால் தேய்த்து ஒரு படியும் எடுங்கள். கல்வெட்டுக்குப் பூசுவதுபோல மை மட்டும் வேண்டாம். கப்பலின் பெயரில் இப்போது எனக்குத் தெரிவது நான்கு எழுத்துகளும் ஓர் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும்தான். அந்தப் படங்கள் வந்தால் மீதியைப் பழைய கப்பல் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அந்த ஆண்டு பெரும்பாலும் கப்பல் நீரில் இறக்கப்பட்ட ஆண்டாக இருக்கும், கப்பல் பின்னால் பெயர் மாறியிருந்தாலும் மணியில் பழைய பெயரே நிற்பதும் உண்டு. கருங்கல்லை அதுவரை வெட்டக் கொடுக்காதீர்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலைக் குடும்பத்தார் பார்த்துச் சரி சொல்லும்வரை, அவற்றை ஒரு தாளில் கையால் எழுதி, மணியின் பக்கத்தில் வைத்திருந்தால் போதும்.